குறி வைத்தது யார்?

ஓர் அம்பு குறியில் தைக்கிறது. தைத்தது யாருடைய செயல்? எய்தவனுடையதா, வில்லுடையதா, பழகிய கையுடையதா, கண்ணுக்குத் தெரியாத வேறொன்றுடையதா? பகவத் கீதையின் 18-ஆம் அத்தியாயம் இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டே காட்டுகிறது. எந்தச் செயலுக்கும் காரணங்கள் ஐந்து என்கிறது: செயல் நிகழும் இடமான உடல், செய்பவன், கருவிகள், பலவகை அசைவுகள், ஐந்தாவதாகத் தெய்வம். இத்தனை பேர் கூடிச் செய்த காரியத்தைத் தான் ஒருவனே செய்ததாக எண்ணுகிறவன் உண்மையைக் காணாதவன் என்று அதன்பின் தீர்ப்பும் சொல்கிறது.

இந்தப் பகுதியைக் கல்லூரியில் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். சங்கரர் உரையையும் ராமானுஜர் உரையையும் அருகருகே வைத்துத்தான் நடத்துவேன். மாலையில் வீடு திரும்பினால் வீடியோ கேம் விளையாடுவேன். வகுப்பில் கேட்கும் அதே கேள்வி அங்கேயும் எனக்கு எழுகிறது. வீடியோ கேமில் குறி வைக்க இன்று பெரும்பாலும் இரண்டு வழிகள். கட்டைவிரலால் ஸ்டிக்கைத் தள்ளிக் குறி வைப்பது ஒன்று. கன்ட்ரோலரையே கையில் திருப்பி, சாய்த்து, உள்ளேயிருக்கும் ஜைரோ சென்சார் மூலம் குறி வைப்பது மற்றொன்று. எது துல்லியம், எது வேகம், எது கைக்குச் சுகம் என்று விளையாடுகிறவர்கள் ஓயாமல் வாதிடுகிறார்கள். அவை நல்ல கேள்விகள்தான். ஆனால் அவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. "நான் அடித்தேன்" என்ற சொல் எந்த வழியில் உண்மைக்கு நெருங்கி வருகிறது?

விடை சொல்ல, இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிய வேண்டும்.

ஸ்டிக்கை வலப்பக்கம் சாய்த்தால் திரையில் காட்சி வலப்பக்கம் திரும்பத் தொடங்கும். அதிகம் சாய்த்தால் வேகமாகத் திரும்பும், குறைவாகச் சாய்த்தால் மெதுவாக. ஸ்டிக்கால் சொல்ல முடிவது எந்தத் திசை, எவ்வளவு வேகம் என்ற இரண்டை மட்டுமே. எங்கே போய் நிற்க வேண்டும் என்று அதனால் சொல்ல முடியாது. திரையின் நடுவிலிருக்கும் கிராஸ்ஹேர் எதிரியின் மேல் வந்து சேரும் கணத்தில் விரலைத் தளர்த்தியாக வேண்டும். சற்று முன்னால் தளர்த்தினால் இந்தப் பக்கம் நின்றுவிடும், பிந்தினால் அந்தப் பக்கம் தாண்டிவிடும். அதனால் ஸ்டிக்கில் குறி வைப்பவருக்கு வேண்டிய முதல் திறமை, சரியான நேரத்தில் நிறுத்துவது.

இன்னொன்றும் உண்டு. விரலை எடுத்ததும் ஸ்டிக் மிகச் சரியாக நடுவுக்கு வந்து நிற்பதில்லை. ஸ்பிரிங் கொஞ்சம் இப்படியும் அப்படியும் விட்டுவிடும். அதைப் பொருட்படுத்தாமல் இருக்க, நடுவைச் சுற்றி ஒரு வட்டத்துக்குள் நடக்கும் எந்த அசைவும் கணக்கில் வராது என்று நிரலில் எழுதிவைக்கிறார்கள். அதற்கு டெட் ஜோன் என்று பெயர். மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலருக்காக நிரலாளர்களிடம் கொடுத்த எக்ஸ்இன்புட் தொகுப்பில், நடுவிலிருந்து விளிம்பு வரை 32767 என்று வைத்தால், வலது ஸ்டிக்கின் டெட் ஜோன் 8689. கால் பங்குக்கும் மேல். கேம் செய்பவர்கள் இதைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் அந்த வட்டம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு என் விரலின் நுண்ணிய அசைவுகள் நடக்கவே இல்லை என்று இயந்திரம் முடிவு செய்துவிடுகிறது. நல்ல குறியோ இந்த நுண்ணிய அசைவுகளில்தான் பிறக்கிறது.

ஜைரோ வேறு மாதிரி. கன்ட்ரோலருக்குள் சிலிக்கானில் செதுக்கிய கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள ஒரு பகுதி இடைவிடாமல் அதிர்ந்துகொண்டிருக்கும். நாம் கன்ட்ரோலரைத் திருப்பினால் அந்த அதிர்வு பக்கவாட்டில் சற்று விலகும். அந்த விலகலை அளந்து, எவ்வளவு வேகமாகத் திருப்பினோம் என்று கண்டுபிடித்து, கணத்துக்குக் கணம் கூட்டிக்கொண்டே வந்து, மொத்தம் எவ்வளவு திரும்பியது என்று கணக்கிடுகிறார்கள். கை எவ்வளவு திரும்பியதோ அதற்குத் தக்கபடி காட்சி திரும்பும். கை நின்றால் கிராஸ்ஹேர் நிற்கும். இங்கே கை சொல்வது இடத்தை. ஆகவே ஜைரோவில் பழகியவர்கள் பெரிய திருப்பங்களுக்கு ஸ்டிக்கையும், கடைசி அங்குலத்துக்கு மணிக்கட்டையும் பயன்படுத்துவார்கள். 2017-இல் வந்த 'செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்' கேமில் வில்லை இழுத்ததும் ஜைரோ விழித்துக்கொள்ளும். 2015-இல் தொடங்கிய 'ஸ்ப்ளாட்டூன்' வரிசையில் ஜைரோவை வைத்துக்கொண்டு விளையாடினால் மேலும் கீழும் பார்ப்பது முழுக்கக் கையின் வேலை. வலது ஸ்டிக் இடம் வலம் மட்டுமே திருப்பும்.

கையை நீட்டிக் குறி வைப்பது நம் வீடுகளுக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளில் டிவி கேம் வாங்கிய வீடுகளில் கேசட்டோடு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியும் வரும். நிண்டெண்டோ 1984-இல் வெளியிட்ட 'டக் ஹண்ட்' கேமை நாங்கள் வாத்து சுடும் கேம் என்றுதான் சொல்வோம். அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் டிவிக்குப் போகாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் ஒன்று மின்னி மறையும். துப்பாக்கியின் வாயிலிருக்கும் ஒளி உணரி அந்த வெளிச்சத்தைப் பார்த்திருந்தால் வாத்து விழும். சுடுவதாக நாங்கள் நினைத்த துப்பாக்கி உண்மையில் பார்த்துக்கொண்டிருந்தது. 2006-இல் வந்த வீ கன்சோலும் இதே வழியில்தான் போனது. டிவியின் மேல் வைக்கும் பட்டைக்கு சென்சார் பார் என்று பெயர், ஆனால் அது எதையும் உணராது. அதன் இரு ஓரங்களிலும் அகச்சிவப்பு விளக்குகள் எரியும். கையிலிருக்கும் ரிமோட்டின் முனையிலுள்ள கேமரா அவற்றைப் பார்த்துத் தான் எங்கே நோக்குகிறது என்று அறிந்துகொள்ளும்.

வாத்து சுடும் கேமில் எல்லாக் குழந்தைகளும் செய்த ஒரு காரியம் இன்று எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. குறி தவறத் தவற எழுந்து முன்னால் போய், டிவி கண்ணாடியிலேயே துப்பாக்கியை வைத்துச் சுடுவோம். அதில் உதவி இருந்தது, ஆனால் அந்த உதவி அறையிலிருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது. "கிட்டப் போய்ச் சுட்டா கணக்கில்லை" என்று அக்கா சொல்லுவாள். அடித்தவனுக்கும் எவ்வளவு தன் கை, எவ்வளவு கண்ணாடி என்று தெரியும்.

இப்போது அந்த ஐந்து காரணங்களுக்கு வருகிறேன். உடல், செய்பவன், கருவி ஆகிய மூன்றையும் விரைவாகக் கடந்துவிடலாம். இரண்டு வழியிலும் உட்கார்ந்திருக்கும் உடல் ஒன்று, விருப்பப்படுகிறவன் ஒருவன். உரையாசிரியர்கள் கருவி என்று கொள்வது இந்திரியங்களைத்தான், கைக்கு வெளியே இருக்கும் பொருளை அவர்கள் எண்ணவில்லை. ஆனாலும் ஸ்டிக்கில் கருவியாவது ஒரு கட்டைவிரல் என்பதையும், ஜைரோவில் மணிக்கட்டு, முழங்கை, தோள் எல்லாமே என்பதையும் குறித்துக்கொள்வோம்.

நான்காவதில்தான் பெரிய வேறுபாடு. பலவகை அசைவுகள் என்ற இடத்தில் சங்கரரும் ராமானுஜரும் ஒரே பொருளைச் சொல்கிறார்கள்: பிராணன், அபானன் முதலிய வாயுக்களின் இயக்கம். நாம் முடிவு செய்து அசைக்கும் அசைவுக்கு அடியில், நம்மைக் கேட்காமலே உள்ளே நடந்துகொண்டிருக்கும் அசைவு. ஒரு செயலில் இதற்கும் பங்கு உண்டு என்று அவர்கள் ஏன் எழுத வேண்டும் என்பது வகுப்பறையில் பலருக்குப் புரிவதில்லை. எனக்கு அது முழுமையாகப் புரிந்தது வில்லோடு கன்ட்ரோலரைப் பிடித்திருந்தபோதுதான்.

'பிரெத் ஆஃப் தி வைல்ட்' கேமில் கார்டியன் என்று ஓர் இயந்திர அரக்கன் வரும். அதற்கு ஒற்றைக் கண். அந்தக் கண்ணில் அம்பு தைத்தால் சற்று நேரம் தடுமாறி நிற்கும். தவறினால் அதன் கதிர் நம் மேல் பாயும். தரையில் சம்மணமிட்டு, முழங்கைகளை முழங்கால்களில் ஊன்றி, கன்ட்ரோலரை இரு கையாலும் பிடித்து வில்லை இழுப்பேன். கிராஸ்ஹேர் கண்ணுக்கு அருகில் வந்துவிடும், ஆனால் நிற்காது. மூச்சை இழுக்கும்போது விலா விரிந்து தோள் சற்று எழுகிறது, கிராஸ்ஹேர் கண்ணுக்கு மேலே மிதக்கிறது. மூச்சு போகும்போது இறங்குகிறது. பயத்தில் மூச்சு வேகமானால் அதுவும் வேகமாக ஏறி இறங்குகிறது. மூச்சை அடக்கிப் பிடித்தால் சில நொடிகளில் கை நடுங்கத் தொடங்கி இன்னும் மோசமாகிறது. மூச்சு வெளியே போய் முடிந்து, அடுத்தது தொடங்குவதற்கு முன் ஓர் இயல்பான இடைவெளி இருக்கிறது. அதற்குள் விரலை விட்டால் அம்பு கண்ணில் தைக்கிறது. ரைஃபிள் பயிற்சியில் கற்பிப்பதும் இதே இடைவெளியைத்தான். எந்தக் குறிப்பும் படிக்காமல், திரையில் ஏறி இறங்கும் ஒரு புள்ளியைப் பார்த்தே என் பிராணனும் அபானனும் எங்கே சந்திக்கின்றன என்று நான் அறிந்துகொண்டேன்.

ஸ்டிக்கில் இது கிடையாது. மூச்சு வாங்கினாலும் கட்டைவிரல் அதே இடத்தில்தான் இருக்கும். கேம் செய்பவர்களுக்கும் இந்தக் குறை தெரிந்திருக்கிறது. 'கால் ஆஃப் டியூட்டி' போன்ற கேம்களில் தொலைநோக்கி வைத்த துப்பாக்கியை எடுத்தால் கிராஸ்ஹேர் தானாகவே அசைந்தாடும். அது திரையிலிருக்கும் வீரனின் மூச்சு. இடது ஸ்டிக்கை அழுத்தினால் அந்த வீரன் மூச்சைப் பிடித்துக்கொள்வான், சில நொடிகள் குறி நிலைக்கும், பிறகு அவன் பெருமூச்சு விடுவான். என் நுரையீரலுக்கு அங்கே வேலையே இல்லை. எனக்குரிய மூச்சை வெளியே நிறுத்திவிட்டு, வேறொரு மூச்சைச் செய்துவைத்து, அதை அடக்க ஒரு பொத்தானையும் கொடுத்திருக்கிறார்கள். நான்காவது காரணம் என்னிடமிருந்து எடுக்கப்பட்டு நிரலிடம் போய்விட்டது.

ஐந்தாவது காரணம் இதைவிட ஆழமானது. அதைப் பேசவைத்தவன் என் தம்பி மகன்.

அவன் எங்கள் வீட்டுக்கு வந்தால் ஸ்டிக்கில்தான் விளையாடுவான், மிக நன்றாக விளையாடுவான். ஒருநாள் ஓடிக்கொண்டிருந்த எதிரியை அடித்ததும், "பாத்தீங்களா அத்தை, எப்படி அடிச்சேன்!" என்று துள்ளினான். அடுத்த சுற்றில் அதே போன்ற குறி தவறியது. "சே, எய்ம் அசிஸ்ட் பிடிக்கவே இல்ல" என்றான்.

"பட்டா நீ, படலன்னா எய்ம் அசிஸ்டா கண்ணா?" என்று கேட்டேன்.

"அப்படி இல்ல அத்தை. எய்ம் அசிஸ்ட் இல்லாம ஸ்டிக்ல யாருமே விளையாட முடியாது. எல்லாருக்கும்தான் இருக்கு."

அவன் சொன்னது உண்மை. இடத்தைக் காட்டத் தெரியாத ஒரு கட்டைவிரலை மட்டும் வைத்து, ஓடுகிற எதிரியை அடிப்பது மிகக் கடினம். ஆகவே கேம் உதவிக்கு வருகிறது. கிராஸ்ஹேர் எதிரியின் மேல் வரும்போது திருப்பும் வேகத்தைக் குறைக்கும். எதிரி நகர்ந்தால் காட்சியையும் அவனோடு சற்று இழுத்துக்கொண்டு போகும். சில கேம்களில் விலகிப் போகும் குண்டையே எதிரியை நோக்கி வளைத்துவிடும். 1997-இல் வந்த 'கோல்டன் ஐ' கேமில் ஆட்டோ எய்ம் என்று பட்டியலிலேயே எழுதியிருக்கும். 2001-இல் வந்த 'ஹேலோ' இந்த உதவிகளை மிக நயமாகக் கலந்து, ஸ்டிக்கில் துப்பாக்கி கேம் விளையாடுவது சுகமானது என்று உலகத்துக்குக் காட்டியது. அதன் பிறகு கன்சோல் கேம்கள் இந்த வழியிலேயே வளர்ந்தன. இன்று மவுஸ் வைத்திருப்பவரும் கன்ட்ரோலர் வைத்திருப்பவரும் ஒரே போட்டியில் மோதிக்கொள்கிறார்கள். 2019-இன் 'கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர்' அதற்கு வழிவிட்டது. அங்கே எய்ம் அசிஸ்ட் நியாயமா என்ற சண்டை ஓய்ந்ததே இல்லை. மவுஸ்காரர், நீ அடிக்கவில்லை, நிரல் அடித்தது என்கிறார். கன்ட்ரோலர்காரர், உன்னிடம் கை முழுதும் இருக்கிறது, என்னிடம் ஒரு விரல்தான் இருக்கிறது என்கிறார். செயலில் யாருக்கு எத்தனை பங்கு என்ற மிகப் பழைய வழக்கைத்தான் இருவரும் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

ஐந்தாவது காரணமான தெய்வத்துக்குச் சங்கரர் சொல்லும் பொருள், கண் முதலிய புலன்களுக்குத் துணை செய்யும் ஆதித்தன் முதலான தேவதைகள். ராமானுஜர் சொல்லும் பொருள், உள்ளே நின்று இயக்கும் பரமாத்மா. எது ஆனாலும், என் கண் குறியைக் கண்டதிலும் என் கை அங்கே போனதிலும் நான் கேட்காத ஒரு துணை இருந்திருக்கிறது. அப்படியானால் என் முயற்சிக்கு இடம் எங்கே? வைணவத்தில் இந்தக் கேள்வி இரு வழிகளாகவே பிரிந்தது. வேதாந்த தேசிகரைப் பின்பற்றும் வடகலையார் குரங்குக் குட்டியைக் காட்டினார்கள்: தாய்தான் சுமக்கிறது, ஆனாலும் குட்டி பற்றிக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளை லோகாசாரியரைப் பின்பற்றும் தென்கலையார் பூனைக் குட்டியைக் காட்டினார்கள்: குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாயே கவ்வி எடுத்துக்கொண்டு போகும்.

எய்ம் அசிஸ்டோடு ஸ்டிக்கில் குறி வைப்பவன் பூனைக் குட்டி, ஜைரோவில் குறி வைப்பவன் குரங்குக் குட்டி என்று சொல்லிவிட ஆசையாக இருக்கிறது. ஓரளவுக்கு அது பொருந்தவும் செய்கிறது. ஆனால் அதோடு நிறுத்தினால் தென்கலை மரபுக்கு அநீதி செய்தவளாவேன். தன்னைச் சுமந்து போகிறார்கள் என்று அறிவதுதான் அந்த வழியின் உயிர். என் கையில் ஒன்றுமில்லை, எல்லாம் அவன் செயல் என்று சொல்லும் இடத்தில் அகங்காரத்துக்கு நிற்க இடமில்லை. கேமில் நடப்பது இதற்கு நேர் எதிர். கவ்விக்கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, நீயே நடந்து வந்தாய் என்று குட்டியிடம் சொல்கிறார்கள். புள்ளிப் பட்டியலில் அவன் பெயர் மட்டும் மின்னுகிறது. துணை செய்தவரின் பெயர் எங்கும் இல்லை.

இன்னொன்றையும் நான் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். எய்ம் அசிஸ்ட் தெய்வமல்ல. அது ஒரு நிரலாளர் அலுவலகத்தில் உட்கார்ந்து, இவ்வளவு தூரத்தில் இவ்வளவு இழுக்கட்டும் என்று தட்டச்சு செய்த எண். கூட்டலாம், குறைக்கலாம், பூஜ்யமாக்கலாம். என் கைமேல் இன்னொரு மனிதர் கை வைத்துக் குறியை நேராக்கியிருக்கிறார். எழுதப் பழகும் குழந்தையின் கையைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கிறோம். அந்தக் கையை யாரும் பழிக்க மாட்டோம், நானும் பழிக்கவில்லை. ஆனால் பிடித்த கையைப் பிடிக்கவே இல்லை என்று குழந்தையை நம்பவைத்தால் அது கற்பித்தல் ஆகாது. பிறருக்குரிய பங்கைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வதைத்தான் நம் நூல்கள் அகங்காரம் என்கின்றன. என் தம்பி மகன் கர்வம் பிடித்தவன் இல்லை. வெற்றியைத் தன்னுடையதாகவும் தோல்வியை இயந்திரத்துடையதாகவும் பிரித்துக்கொள்ளும் பழக்கத்தை அந்தக் கேம் அவனுக்குத் தினமும் கற்பித்துக்கொண்டிருக்கிறது.

அவன் அப்போதே ஒரு நல்ல எதிர்க்கேள்வியும் கேட்டான். "ஜைரோலயும் மெஷின்தானே அத்தை கணக்குப் போடுது? நீங்க கொஞ்சம் திருப்பினா அது நிறையத் திருப்புது. கை நடுக்கத்தையும் ஸ்மூத் பண்ணிடுது."

சரியான கேள்வி. கையின் திருப்பத்தைப் பல மடங்கு பெருக்கித்தான் பெரும்பாலான கேம்கள் காட்டுகின்றன. நடுக்கத்தை வடிகட்டும் கணக்குகளும் உண்டு. கொஞ்ச நேரத்தில் சென்சார் தன் நிலையைத் தவறவிட்டு, கை நின்றபோதும் காட்சி மெல்ல நகரத் தொடங்கும். அப்போது கன்ட்ரோலரை மேசையில் அசையாமல் வைத்துச் சரிசெய்ய வேண்டும். ஆகவே ஜைரோவில் அடித்ததை முழுக்க நானே அடித்ததாகச் சொல்ல மாட்டேன். எந்த வழியிலும் தனியொருவன் செய்பவன் இல்லை என்பதுதானே கீதையின் முடிவு. வேறுபாடு இங்கே இருக்கிறது: ஜைரோ என் கை எங்கே போனதோ அதைப் பெருக்குகிறது. எதிரி எங்கே இருக்கிறான் என்று அது பார்ப்பதில்லை. நான் தவறாகக் காட்டினால் அந்தத் தவற்றையும் அதே அளவு பெருக்கிக் காட்டும். எய்ம் அசிஸ்ட் எதிரி இருக்கும் இடத்தைப் பார்த்து என் கையைத் திருத்துகிறது. முன்னதில் என் பிழை என்னிடமே இருக்கிறது. பின்னதில் பிழையின் ஒரு பகுதி எனக்குத் தெரியாமலே அழிந்துவிடுகிறது. தன் பிழை தெரியாதவனுக்குத் தன் திறமையும் தெரியாது.

ஜைரோவை ஆதரிப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் அது இயற்கையானது என்பது. அதை நான் ஏற்கவில்லை. கையில் பிடித்த பிளாஸ்டிக்கைச் சில பாகைகள் சாய்த்து வில் எய்வதில் இயற்கை ஒன்றும் இல்லை. பிரெஞ்சுத் தத்துவவாதி மெர்லோ-பொந்தி 1945-இல் எழுதிய நூலில் பார்வையற்றவரின் கைத்தடியைப் பற்றிப் பேசுகிறார். பழகிவிட்டால் தடி ஒரு பொருளாக உணரப்படாது, தடியின் நுனியிலேயே உலகம் தொட்டுணரப்படும் என்பது அவர் கருத்து. பல ஆண்டு பழகியவருக்கு ஸ்டிக்கும் அப்படித்தான் உடம்போடு சேர்ந்துவிடுகிறது. தம்பி மகன் விளையாடும்போது அவனுக்குக் கட்டைவிரல் நினைவே இருப்பதில்லை. ஆகவே பழக்கம் எதையும் இயற்கையாக்கும். இயற்கையா செயற்கையா என்று பார்ப்பதில் பயனில்லை. உடம்போடு சேர்ந்த பின்னும் அந்தக் கருவி என்னைப் பற்றி உண்மை சொல்கிறதா என்பதுதான் என் அளவுகோல்.

இந்த அளவுகோலை எல்லார் மேலும் ஒரே மாதிரி வைக்கவும் கூடாது. கட்டைவிரல் என்றதும் ஏகலைவன் நினைவுக்கு வராமல் போகாது. வலது கட்டைவிரலைத் துரோணருக்குத் தட்சிணையாக வெட்டிக் கொடுத்த பின்னும் அவன் மற்ற விரல்களால் அம்பு எய்தான், ஆனால் பழைய வேகம் வரவில்லை என்கிறது மகாபாரதம். ஒரு விரலை நம்பியே கட்டிய கருவி, அந்த விரல் இல்லாதவரை வெளியே தள்ளுகிறது. அவருக்கு ஜைரோ கதவு திறக்கும். அதேபோல் கை நடுங்கும் முதியவர், மணிக்கட்டு மடங்காத இளைஞர், இரு கையாலும் கன்ட்ரோலரைத் தூக்க முடியாத குழந்தை ஆகியோருக்கு ஜைரோ வதை. ஸ்டிக்கும் எய்ம் அசிஸ்ட்டும் அவர்களுக்கு அருள்தான். 2018-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அடாப்டிவ் கன்ட்ரோலர் போன்றவை, கையால் முடியாததைக் காலாலோ முழங்கையாலோ செய்ய வழி தருகின்றன. உடல் என்பது முதல் காரணம். அந்த இடத்திலேயே குறை இருக்கும்போது வெளியிலிருந்து ஓர் உதவி கூடுதலாக வந்து ஈடுசெய்வதில் எந்தத் தவறும் இல்லை. துரோணர் கேட்டது கொடுமை. நாம் கருவி செய்யும்போது அதே கொடுமையை வேறு பெயரில் செய்யக் கூடாது.

எனவே என் தீர்ப்பு இது. கையால் முடிந்தவர்களுக்கு ஜைரோதான் மேலான பயிற்சி. அது மூச்சைக் கணக்கில் எடுக்கிறது, பிழையை மறைப்பதில்லை, செய்பவனுக்கு அவன் பங்கைக் கூட்டாமல் குறைக்காமல் காட்டுகிறது. ஸ்டிக் தாழ்ந்ததல்ல. உதவியை ஒளித்துவைப்பதுதான் தாழ்ந்தது. டிவி கண்ணாடி வரை போய்ச் சுட்ட பிள்ளை தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. ஒளிந்திருக்கும் உதவியால் வென்ற பிள்ளை தன்னை அறியும் வாய்ப்பை இழக்கிறது.

கேம் செய்பவர்களிடம் நான் கேட்பது இரண்டு. பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர்களிலும் நிண்டெண்டோ கன்ட்ரோலர்களிலும் ஸ்டீம் டெக்கிலும் ஜைரோ ஏற்கெனவே இருக்கிறது. இருந்தும் பல கேம்கள் அதைத் தொடுவதே இல்லை. எக்ஸ்பாக்ஸ் கன்சோல்களோடு வரும் கன்ட்ரோலர்களில் ஜைரோ கிடையாது. குறி வைக்கும் எந்தக் கேமிலும் ஜைரோ ஒரு தேர்வாக இருக்க வேண்டும். எய்ம் அசிஸ்ட் எவ்வளவு வேலை செய்தது என்பதை ஆட்டத்தின் முடிவில் புள்ளிகளோடு சேர்த்துக் காட்ட வேண்டும். அதைக் காட்டுவதால் யாருடைய மகிழ்ச்சியும் குறையாது.

பெற்றோர்களிடமும் விளையாடும் இளைஞர்களிடமும் நான் வேண்டுவது இதைவிட எளிது. இன்று விளையாடத் தொடங்குமுன் செட்டிங்ஸைத் திறந்து, எய்ம் அசிஸ்ட் எந்த அளவில் இருக்கிறது என்று பாருங்கள். ஓர் ஆட்டம் அதை அணைத்துவிட்டு விளையாடிப் பாருங்கள். ஜைரோ இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள். முதலில் குறிகள் தவறும். தவறட்டும். எது உங்கள் கை, எது பிறர் உதவி என்று தெரிந்த பிறகு உங்களுக்குப் பிடித்த வழியிலேயே விளையாடுங்கள். அதன்பின் குறி பட்டால் நன்றியோடு மகிழுங்கள், தவறினால் அதை உங்கள் பெயரிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.